நான்கு நிறுத்தம் தள்ளி

எங்கள் தராஸ் ஊரில் பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் பல்ஜானின் பெயரை இப்போது மரியாதையோடு சொல்கிறார்கள். என் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே பாடம் முடியும்வரை காத்திருக்கும் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: "அவ தாய். நாமளும் இருக்கோமே." கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுகிறேன். சாத்திவிட்டால் மட்டும் நான் யோக்கியமாகிவிடுவேனா என்ன?

என் பெயர் கம்ஷத். முப்பத்தோரு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஓய்வு பெற்றபின் என் மூன்றாம் மாடி வீட்டிலேயே, மலையடித் திறன்பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். இருப்பது நூறு இடம். எழுதுவது ஆயிரத்துக்கு மேல். அங்கே நுழைந்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டது என்று ஊரில் பேச்சு. நுழையாத தொள்ளாயிரம் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் பேசுவதில்லை.

இந்தத் தேர்வு வந்தபிறகு எங்கள் பெண்களுக்கு லேசாகப் புத்தி பிசகிவிட்டது என்றே சொல்வேன். மூளை மாதிரி இருக்கிறது என்று வால்நட் உடைத்து ஊட்டுவார்கள். மீன் எண்ணெய் குடிக்க வைப்பார்கள். தேர்வுக்குக் கொண்டுபோகும் பென்சிலை முல்லாவிடம் கொடுத்து ஓதி ஊதி வாங்கி வருவார்கள். ஒருத்தி ரப்பரையும் சேர்த்து ஊதச் சொன்னாளாம். "தப்பை அழிக்கிறதுக்கு எதுக்கும்மா துஆ, தப்பே வராம இருக்கத்தானே ஓதறேன்" என்று அவர் கோபித்துக்கொண்டாராம். கடைசி ஒரு மாதம் காய்ச்சல் என்று சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வழக்கமான பள்ளிக்கே அனுப்பாமல் விடுவது சர்வசாதாரணம். பிப்ரவரி முடிந்தால் எங்கள் ஊர் ஆறாம் வகுப்புகளில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும்.

நடையில் காத்திருக்கும்போது ஒருத்தியை ஒருத்தி சும்மா விட மாட்டார்கள்.

"உங்க பையன் இன்னும் அம்பத்தஞ்சுலயேதான் நிக்கிறானா? பாவம், கால் வலிக்கப் போகுது."

"உங்க பொண்ணு எழுபதாமே. டீச்சரோட விடைத்தாளைப் பாத்துட்டு எழுதினா நானே எழுபது வாங்குவேன்."

பல்ஜான் மட்டும் இதில் சேர மாட்டாள். மூலையில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகத்தை மடியில் விரித்து, மகளுக்கு நான் கொடுத்த கணக்கைத் தானும் போட்டுக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை. விரல் முனையெல்லாம் மருந்து நீரில் வெளுத்துத் தோலுரிந்திருக்கும். இயந்திரம் சுழலும் நேரத்தில் அங்கேயும் கணக்குப் போடுவாளாம். ஒருநாள் எண்வரிசைக் கணக்கொன்றில் நானே தடுமாறி நிற்கும்போது, வாசலிலிருந்து, "அக்கா, ஒண்ணு விட்டு ஒண்ணு பாருங்க, அது ரெண்டு வரிசை" என்றாள். சரியாக இருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

அவள் மகள் அக்மரால். பன்னிரண்டு வயது. ஒல்லியாக, பேச்சுக் குறைவாக இருப்பாள். மேதை என்று சொல்ல மாட்டேன். என் கையில் வந்தவர்களில் மேதை என்று சொல்லத்தக்க பிள்ளைகள் இரண்டோ மூன்றோதான். அக்மராலுக்குக் கவனம் இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். ஒரு கணக்குக்கு ஒரு நிமிடம் பத்து வினாடி என்று நான் கடிகாரத்தை வைத்துவிட்டால், ஒரு நிமிடம் ஐந்து வினாடியில் விடையை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைப்பாள்.

அவள் அப்பா ஜுமகலி மேற்கே எண்ணெய் வயலில் வேலை பார்த்தார். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். வீட்டில் இருக்கும் மாதத்தில் மகளை அவர்தான் என் வீட்டுக்குக் கூட்டி வருவார். நடையில் பெண்களோடு உட்காரக் கூச்சப்பட்டுக் கீழே வாசலில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். அவள் இறங்கிப் போனதும் மதிப்பெண்ணைக் கேட்க மாட்டார். "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். இரண்டு பேரும் ஏதோ சிரித்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதை மாடியிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் பல்ஜான் மகளின் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டாள். அப்பாவோடு வெள்ளிக்கிழமை மட்டும் பேச்சு, அதுவும் ஐந்து நிமிடம்.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி, எண்ணெய் வயல் முகாமின் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே ஜுமகலியின் இதயம் நின்றுவிட்டது. நாற்பத்தாறு வயது. தேர்வுக்கு இருபது நாள் இருந்தது.

அன்று மத்தியானம் பல்ஜான் என் வீட்டுக்கு வந்தாள். மகள் உள்ளே மற்றப் பிள்ளைகளோடு பாடத்தில் இருந்தாள். பல்ஜான் கையில் ஒரு பை. அதில் மகளின் மாற்றுத்துணி, பல்துலக்கி, மூன்று பயிற்சிப் புத்தகம். என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, விஷயத்தைச் சொன்னாள். அழவில்லை. நான்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்கு முற்றத்துல கூடாரம் போட்டுடுவாங்க. அதைப் பாத்தா தெருவுல போறவனுக்கே தெரியும், வீட்ல சாவுன்னு. அவ அங்க வரக் கூடாது. பரீட்சை வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு? அப்பன் முகத்தைப் பாக்க வேணாமா அவ?"

"எங்கப்பா முகத்தை நான் பாத்தேனே." அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "பன்னெண்டு வயசு எனக்கு. கணக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்துக் காயிதம் வந்து ஒரு வாரம். அவரு செத்தாரு. ஒரு வருஷம் துக்க வீட்ல உக்காந்து, வந்தவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தினேன். அந்த எடத்துக்கு வேற புள்ள போயிடுச்சு. இப்போ ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிறேன். முகத்தைப் பாத்து என்னக்கா கண்டேன்?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இல்லை, தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அக்மரால் என் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அவள் இடம் பிடித்தால் எனக்கும் பெயர். அந்த நினைப்பு அந்த நிமிடத்தில் என் தலைக்குள் வந்து போனதை நான் மறைக்கப் போவதில்லை.

ஜுமகலியின் அண்ணன் ஒராஸ்பெக்கிடம் அவள் நியாயம் பேசியதைப் பிறகு கேட்டேன். "மக முகம் பாக்காம என் தம்பியைத் தூக்கச் சொல்றியா?" என்று அவர் கத்தியிருக்கிறார். பல்ஜான் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு சொன்னாளாம்: "கெட்ட சேதியை உடனே சொல்றது நம்ம வழக்கமா பெரியவரே? நேரம் பாத்து, பெரியவங்க நாலு பேர் போயி, பதமாத்தானே சொல்லுவீங்க? பட்டாளத்துல இருக்கிறவனுக்கு, வெளியூர்ல படிக்கிறவனுக்கு மாசம் கழிச்சுச் சொன்னதில்லையா? என் மக வெளியூர்ல இருக்கான்னு வெச்சுக்குங்க."

வழக்கம் என்று சொன்னதும் பெரியவர் சம்மதித்துவிட்டார். அவர் தாத்தாவுக்கு மகன் செத்ததை இரண்டு மாதம் கழித்து அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்த மகன் ஆயிரம் மைல் தள்ளிச் செத்தான். அக்மரால் இருந்தது அவள் வீட்டிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தம் தள்ளி. தூரத்தில் இருப்பவர்களின் மேல் இரக்கப்பட்டு முன்னோர்கள் வைத்த ஒரு வழக்கத்தை நாங்கள் நான்கு நிறுத்தத்துக்கு இழுத்து மாட்டினோம்.

இருபத்தெட்டாம் தேதி உடல் வந்தது. நான் அக்மராலிடம் இரண்டு மணி நேரத் தேர்வுத்தாள் ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, வெள்ளை முக்காடு கட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் கூடாரம் நின்றது. வாசலில் ஆண்கள் வரிசையாக நின்று, வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு விம்மினார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் கை ஊன்றி, இழுத்து இழுத்து ஒப்பாரி வைத்தார்கள். பல்ஜான் நடுவில் இருந்தாள். அவள் பக்கத்தில் மகள் உட்கார வேண்டிய இடத்தை யாரும் நிரப்பவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள்.

வீடு திரும்பியதும் தாளைத் திருத்தினேன். தொண்ணூறுக்கு எழுபத்தெட்டு. அதுவரை அவள் வாங்கியதிலேயே அதிகம். "நல்லா பண்ணியிருக்கேம்மா" என்றேன். சிவப்பு மையில் எட்டு கோணலாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டாள்.

"அப்பா போன் பண்ணாரா டீச்சர்?"

அதற்கு ஒரு பதிலைப் பல்ஜான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வயலில் கைப்பேசிக் கோபுரம் பழுது, இரண்டு மாதம் உள்ளே தள்ளி வேலை, எப்போதாவதுதான் கிடைக்கும். நான் அதைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொல்லிவிட்டது.

"பண்ணாரு. நீ குளிச்சிட்டு இருந்தே."

"என்ன சொன்னாரு?"

"நல்லா எழுதச் சொன்னாரு."

அவள் ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்தாள். "அப்பா அப்படிச் சொல்ல மாட்டாரே. சாப்ட்டியான்னுதான் கேப்பாரு."

"அதையும் கேட்டாரு."

அதன்பிறகு அவள் அப்பாவைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மார்ச் பதினெட்டாம் தேதி தேர்வு முடிந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒராஸ்பெக்கும் பெரியவர்களும் மறுநாளே வரத் தயாராக இருந்தார்கள். பல்ஜான் ஓடி வந்தாள்.

"இன்னும் நேர்முகம் இருக்குக்கா. ஏப்ரல் ரெண்டு. மூணு பேர் முன்னால உக்காந்து பேசணும். அழுது வீங்கின மூஞ்சியோட போனா என்ன நெனப்பாங்க?"

"நாப்பதாம் நாள் ஏப்ரல் ஆறு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு முன்னாடி சொல்லிடலாம். சத்தியமா."

நான் கத்தினேன். அவளை ராட்சசி என்று சொன்னேன். எல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில்தான். பிறகு அடுத்த அறைக்குப் போய், நேர்முகத்தில் கேட்கக்கூடிய கேள்விகளை அக்மராலுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "உன் குடும்பத்தைப் பத்திச் சொல்லு" என்பது அதில் முதல் கேள்வி. அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: என் அப்பா எண்ணெய் வயலில் வேலை செய்கிறார். அவருக்கு விதை கொறிப்பது பிடிக்கும். வினைச்சொல்லின் காலம் சரியாக இருந்தது, உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. நான் தலையாட்டினேன்.

ஏப்ரல் நான்காம் தேதி பட்டியல் வந்தது. நூறில் அறுபத்தொன்றாவது பெயர் அக்மரால். அக்மரால் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பல்ஜான் அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு வந்து, என் நடையில், மற்றத் தாய்மார்கள் பார்க்க, தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பிலேயே அழுகை வெடித்து, "அவரு இல்லையே, அவருகிட்ட யாரு சொல்லுவா" என்று தரையில் கையை அறைந்தாள். முப்பத்தெட்டு நாள் அவள் அடக்கி வைத்திருந்தது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒராஸ்பெக், இன்னும் மூன்று கிழவர்கள், உறவில் இரண்டு பெண்கள், பல்ஜான். அக்மராலை நடுவில் உட்கார வைத்தார்கள். இப்படிப்பட்ட சேதியை நேராகப் போட்டு உடைக்க மாட்டார்கள். சுற்றி வளைத்து, கேட்பவரின் மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்து, கடைசியில்தான் பெயரைச் சொல்வார்கள். அதற்கென்றே பேச்சுத் திறம் உள்ளவர்கள் உண்டு. ஒராஸ்பெக் அப்படிப்பட்டவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கண்ணு, ஒசந்து நிக்கிற மலையும் ஒருநாள் சரியும். ஓடற ஆறும் ஒருநாள் வத்தும்..."

"பெரியப்பா, அப்பா செத்துட்டாரா?"

இரண்டாவது வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிட்டாள். ஒராஸ்பெக்கின் வாய் திறந்தபடி நின்றது.

"ஆமாங் கண்ணு."

"எப்போ?"

அவள் மறுபடியும் கேட்டாள், அதே குரலில். "எந்தத் தேதி?"

"பிப்ரவரி இருபத்தாறு. இருபத்தெட்டுல அடக்கம் பண்ணோம்."

அவள் கண்ணை மேலே தூக்கி யோசித்தாள். கணக்குப் போடும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க வெள்ளை முக்காடு கட்டிக்கிட்டு வெளிய போனீங்க டீச்சர். எனக்கு எழுபத்தெட்டு வந்துச்சு."

நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அந்த இரண்டு பெண்களும் குரலெடுத்து அழ ஆரம்பித்து, அவளை மாறி மாறி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்கள். அவள் கைகளைத் தொங்கவிட்டபடி, யார் இழுத்தாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துகொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அதிர்ச்சி. வீட்டுக்குப் போனா அழுதுடுவா" என்றார் ஒராஸ்பெக்.

வீட்டுக்குப் போயும் அவள் அழவில்லை. அப்பாவின் கோட்டு மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தாளாம். கோட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அது சரியா என்று கேட்டாளாம். சரிதான், இறந்தவர் துணியைக் கொடுத்துவிடுவது வழக்கம் என்று அம்மா சொன்னதும், தலையாட்டிவிட்டு, திறன்பள்ளி அனுப்பிய படிவத்தில் தன் பெயர், பிறந்த நாள், ரத்த வகை எல்லாவற்றையும் பூர்த்தி செய்தாளாம். அப்பாவின் பெயருக்கு எதிரே வேலை என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் என்ன எழுதட்டும் என்று மட்டும் கேட்டாளாம்.

நாற்பதாம் நாள் நான் வெள்ளெனவே போனேன். போகாமலும் இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் கண்ணில் படப் பயமாக இருந்தது. ஆனால் போகாமல் இருப்பது அதைவிடக் கேவலமாகத் தோன்றியது. முற்றத்தில் அண்டாவில் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. எண்ணெயில் ரொட்டி பொரிந்த வாசனை வீடெங்கும். உள்ளறையில் பல்ஜானும் மகளும் மட்டும், சுவரோரம் விரித்த மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் சனம் வந்துவிடும். ஒவ்வொரு கூட்டம் வாசலில் நுழையும்போதும் மனைவியும் மகளும் ஒப்பாரியை எடுக்க வேண்டும். வந்த பெண்கள் அதைக் கேட்டுச் சேர்ந்துகொள்வார்கள். இறந்தவருக்கு மகள் செய்ய மிச்சமிருந்த கடமை அது ஒன்றுதான். மற்றக் கடமையையெல்லாம் நாங்கள் அவளிடமிருந்து ஏற்கெனவே பறித்துவிட்டிருந்தோம்.

பல்ஜான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரியின் வெளுத்த விரல்கள் அந்தச் சின்ன மணிக்கட்டை விடவே இல்லை.

"அழுடி என் கண்ணே. ஒரே ஒரு தடவை அழுதுடு. என்னை அடிக்கணும்னா அடி. திட்டணும்னா திட்டு. இப்படி உக்காந்திருக்காதடி, எனக்குப் பயமா இருக்கு."

அக்மராலுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. கோபமாக இருந்தால்கூட நான் ஆறுதல்பட்டிருப்பேன். அவள் அம்மாவைக் கவனமாகப் பார்த்தாள். நான் ஒரு புதுவகைக் கணக்கைப் பலகையில் எழுதும்போது என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"எனக்கு வரலம்மா. என்ன சொல்லி அழணும்னு சொல்லிக் குடு. பழகிக்கறேன்."

பல்ஜான் அவள் கையை விட்டாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தமும், கதவுகள் அறைபடும் சத்தமும், ஒராஸ்பெக் யாரையோ வரவேற்கும் சத்தமும் கேட்டன.

பல்ஜான் இடுப்பில் கையை ஊன்றினாள். மகளும் இடுப்பில் கையை ஊன்றினாள். கொஞ்சம் உயரமாக ஊன்றியிருந்தாள். அம்மாவைப் பார்த்து, கையைக் கீழே இறக்கிச் சரி செய்துகொண்டாள்.

"என் வீட்டைத் தாங்கின நடுமரமே..." பல்ஜானின் குரல் இழுத்தது.

"என் வீட்டைத் தாங்கின நடுமரமே..." மகளின் குரலும் அதே இடத்தில் இழுத்து, அதே இடத்தில் இறங்கியது.

"உப்பு மண்ணுல தனியா சாய்ஞ்சியே..."

"உப்பு மண்ணுல தனியா சாய்ஞ்சியே..."

மூன்றாவது வரியில் மகளைப் பற்றி வர வேண்டும். மகள் பக்கத்தில் இருந்தாள், கண்ணை மூடினாள், நெற்றியில் கை வைத்தாள் என்று எதையாவது சொல்லித்தான் அந்த வரியை முடிப்பார்கள். பல்ஜான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு, ராகமில்லாமல், சொல்லில்லாமல், அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டாள்.

காலடிச் சத்தம் நடைக்கு வந்துவிட்டது. அக்மரால் இடுப்பில் ஊன்றிய கையை எடுக்காமல், அம்மாவின் முதுகுப் பக்கமாகக் குனிந்து மெல்லிய குரலில் கேட்டாள்.

"அடுத்த வரி என்னம்மா? அவங்க வந்துட்டாங்க."